குதிரைக்கு முந்தைய ஐயாயிரம் வருஷம்

அப்பா கால்கரிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பான்ஃப் காட்டியாயிற்று, லூயிஸ் ஏரி காட்டியாயிற்று. "எல்லாம் காலண்டர் படம் மாதிரியே இருக்குடா" என்று சொல்லிவிட்டு, மலை பார்த்தது போதும் என்பதுபோல வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டாவது தோசைக்கு நடுவில் கேட்டார்: "இந்தப் பக்கம்தானே செவ்விந்தியங்க இருந்தாங்க? அவங்கெல்லாம் எங்கடா?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து கௌபாய் காமிக்ஸ் எடுத்து வருவேன். நான் தூங்கினதும் அப்பா அதை எடுத்துப் படிப்பார். எங்கள் இரண்டு பேருக்குமே செவ்விந்தியர் என்றால் இறகுத் தலைப்பாகை, கோடரி, அப்புறம் கட்டாயம் ஒரு குதிரை. குதிரையிலேயே பிறந்து குதிரையிலேயே செத்துப்போகிறவர்கள்.

"இருந்தாங்க இல்லப்பா, இருக்காங்க" என்றேன். நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த வீடே 1877-இல் அவர்களோடு போட்ட ஏழாம் ஒப்பந்தத்தின் நிலத்தில்தான் நிற்கிறது. செவ்விந்தியர் என்ற பெயரையும் இங்கே யாரும் சொல்வதில்லை. சிக்சிகா, கைனாய், பீகானி என்று அவரவர் பெயர் இருக்கிறது. மூன்று கூட்டமும் கனடாவின் ஆல்பர்ட்டாவில். பீகானிகளில் தெற்குப் பிரிவு எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மொன்டானாவில். மொழி ஒன்று, உறவு ஒன்று. தங்கள் எல்லோரையும் சேர்த்து நீட்சிடாபி, அதாவது உண்மையான மனிதர்கள், என்று சொல்லிக்கொள்கிறார்கள். வெளியில் வழங்கும் பெயர் பிளாக்ஃபுட். சிக்சிகா என்பதன் நேர் அர்த்தமும் கறுப்புக் கால்தான். தீப்பிடித்த புல்வெளிச் சாம்பலில் நடந்து காலணி கறுத்ததால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. கவனியுங்கள், பெயரிலேயே நடைதான் இருக்கிறது. குதிரை இல்லை.

மறுநாள் காலை தெற்கே கிளம்பினோம்.

முதலில் ஒகோடோக்ஸ். அந்த ஊருக்கு மேற்கே, தட்டையான வயலுக்கு நடுவில், வீடு அளவுக்கு ஒரு பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுமார் 16,500 டன். சுற்றிலும் வேறு பாறையே கிடையாது. வடக்கே ஜாஸ்பர் மலைப் பக்கமிருந்து பனியுகத்தில் பனியாறு சுமந்துவந்து போட்டது என்பது புவியியல். பிளாக்ஃபுட் கதை வேறு. நாப்பி என்றொரு ஆள். உலகத்தைப் படைத்தவனும் அவன்தான், ஊரிலேயே பெரிய வம்புக்காரனும் அவன்தான். வெயில் நாளில் தன் தோல் போர்வையைக் கழற்றி, நீயே வைத்துக்கொள் என்று பாறைக்குக் கொடுத்துவிட்டான். மழை வந்ததும் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். பாறைக்குக் கோபம் வந்து உருண்டு துரத்த ஆரம்பித்தது. தடுக்கப் பார்த்த மிருகங்களால் முடியவில்லை. கடைசியில் வௌவால்கள் வந்து மோதி அதைப் பிளந்தன. வௌவால் மூஞ்சி சப்பையாக இருப்பதற்கு அதுதான் காரணமாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் என்ன ஆகும் என்ற இந்தக் கதையை, பின்னால் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட ஒரு சனம் சொல்லி வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். ஃபோர்ட் மக்லவுடுக்கு முன்னால் திரும்பினால் ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப். தமிழில் சொன்னால் மண்டை நசுங்கின பாய்ச்சல் மேடு. 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். பாறைச் சரிவுக்குள்ளேயே ஏழு தளமாகப் புதைத்துக் கட்டிய கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் பாதி தெரியாது. உச்சிக்கு ஏறி வெளியே வந்தால் காற்று ஆளைத் தள்ளுகிறது. அப்பா மஃப்ளரை இறுக்கிக்கொண்டார்.

பாதாளம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். இன்றைக்குப் பத்து மீட்டர் உயரம், மூன்று மாடி அளவு. ஒரு காலத்தில் இரண்டு மடங்கு இருந்திருக்கிறது. குறைந்த உயரம் எங்கே போயிற்று என்றால், கீழே கிடக்கிறது: காட்டெருமை எலும்பும் மண்ணும் உதிர்ந்த கல்லுமாகப் பத்து மீட்டருக்கு மேல் நிரம்பிய குவியல். தரைதான் எழும்பி வந்திருக்கிறது. ஏறக்குறைய 6,000 வருஷமாக அவ்வப்போது இங்கே வேட்டை நடந்திருக்கிறது. எகிப்தில் பெரிய பிரமிடுக்கு முதல் கல் வைப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்பே இங்கே கறி காய்ந்துகொண்டிருந்தது. அதில் குதிரை இருந்தது கடைசி நூற்றுச் சொச்சம் வருஷம் மட்டும்.

காட்டெருமை என்றதும் நம் எருமையை நினைக்க வேண்டாம். இது பைசன், வேறு ஜாதி. கடா ஒரு டன் வரை நிற்கும், குதிரை வேகத்துக்கு ஓடும். இதை, கல் முனை வைத்த ஈட்டியும் வில்லும் வைத்துக்கொண்டு, தரையில் நடந்து போகிற மனிதன் எப்படிப் பிடிப்பான்? துரத்திப் பிடிக்க முடியாது. அதுவாக வர வேண்டும்.

எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் ஒரு பீகானிப் பெண். மேடைப் பேச்சு கிடையாது, சமையல் குறிப்பு சொல்வதுபோலச் சொன்னார். பாறை விளிம்புக்கு மேற்கே சுமார் 40 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் பள்ளம். நல்ல புல், நல்ல தண்ணீர். மந்தை தானாகவே அங்கே வந்து தங்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கிப் பல கிலோமீட்டருக்குச் சின்னச் சின்னக் கல் குவியல்கள் இரண்டு வரிசையாக வருகின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. அவற்றில் குச்சியும் தழையும் செருகி வைப்பார்கள். காற்றில் அது அசைந்தால் தூரத்து மாட்டுக்கு வேலி மாதிரி, ஆள் மாதிரித் தெரியும். புனல் வாய்போல அகலமாகத் தொடங்கி, விளிம்புக்குக் கிட்டே வரவரக் குறுகும்.

ஓட்டக்கார இளைஞர்கள் நாட்கணக்கில் மந்தையோடு கிடப்பார்கள். ஒருத்தன் கன்றுத் தோலைப் போர்த்திக்கொண்டு, வழி தப்பின கன்று மாதிரி முன்னால் நின்று கத்துவான். வேறு சிலர் ஓநாய்த் தோலில் பின்பக்கம் தலைகாட்டுவார்கள். கன்றுக்காகப் பசுக்கள் நகரும், பசுக்களோடு மந்தை நகரும். கடைசி நேரத்தில்தான் சத்தம் போட்டு விரட்டுவது. அந்தப் பக்கமிருந்து பார்த்தால் விளிம்பே தெரியாது. இந்தப் புல்லும் அந்தப் புல்லும் ஒன்றாகத்தான் தோன்றும், நாங்களும் நின்று பார்த்தோம்.

அப்பா ஆயுசு முழுக்க மாடு வைத்திருந்தவர். பாதியிலேயே தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். "முன்னால போறது பள்ளத்தப் பார்த்து நிக்கணும்னு நினைச்சாலும், பின்னால வர்றது நிக்க விடாது" என்றார். மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, மொத்த விஷயமும் அவ்வளவுதான், இதை நான் இருபது நிமிஷம் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்.

அப்பாவுக்கு விளங்காத ஒன்றும் இருந்தது. கீழே இத்தனை ரத்தம், இத்தனை புகை. வாடை பிடித்தால் மாடு வருமா? அதற்குப் பதில் எங்கள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான். விளிம்பு கிழக்கே பார்க்கிறது. கீழே இருக்கிற வாடையெல்லாம் மந்தைக்கு எதிர்ப்பக்கமாகப் போய்விடும். பாறை எங்கேயும் கிடைக்கும். பின்னால் புல்லும், முன்னால் சரிவும், மேலே சரியான காற்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

விழுந்த பிறகுதான் பெரிய வேலை. கறியை மெல்லிசாக அரிந்து உலர்த்துவார்கள். இடித்துத் தூளாக்கி, உருக்கின கொழுப்பும் சஸ்கட்டூன் பழமும் சேர்த்துப் பெமிக்கன் பிடிப்பார்கள். தோல் பையில் அடைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. கொழுப்புதான் உயிர். வெறும் கறி தின்று இங்கத்திய குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. எலும்பையும் நொறுக்கிக் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் நெய்யை வழித்தெடுப்பார்கள். மண்பானையை அடுப்பில் ஏற்றி அல்ல. குழி வெட்டி, பச்சைத் தோலை விரித்து, தண்ணீர் ஊற்றி, பழுக்கச் சுட்ட கல்லை உள்ளே போடுவது. அந்தக் கல் இந்தப் பாறையில் கிடைப்பதில்லை, இது மணற்கல், சூட்டில் உதிர்ந்துவிடும். ஆற்றுப் படுகையிலிருந்து குவார்ட்சைட் உருண்டைகளைத் தூக்கி வந்திருக்கிறார்கள். தோண்டும்போது அவை டன் கணக்கில் கிடைத்தன. வீரக் கதைகள் எல்லாவற்றையும்விட என்னை அசைத்தது இந்தக் கல்தான். யாரோ ஒரு பெண் அல்லது பிள்ளை, மைல்கணக்கில், சமையலுக்காகக் கல் சுமந்திருக்கிறது.

பெயரைப் பற்றி ஒன்று. நசுங்கினது மாட்டு மண்டை என்று எல்லோரும் நினைக்கிறோம். இல்லையாம். மாடு அருவி மாதிரி விழுவதைக் கீழே நின்று பார்க்க ஆசைப்பட்ட ஒரு பையன் பாறை இடுக்கில் ஒண்டியிருந்தான். அன்றைக்கு மந்தை பெரிசு. வெட்ட வந்தவர்கள் அவனைப் பாறைக்கும் மாட்டுக்கும் நடுவில் கண்டெடுத்தார்கள். "வேடிக்கை பார்க்கப் போனவன்" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது சுமை தூக்கியது நாய். இரண்டு கழியை நாயின் தோளில் கட்டி, மறுமுனை தரையில் இழுபட, நடுவில் சாமான். கூடாரமும் நாய் இழுக்கிற அளவுதான். குதிரை எப்போது வந்தது என்பதற்கு ஒரு நேர் சாட்சி இருக்கிறது. 1787-88 குளிர்காலத்தில் மிருகத் தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் பதினேழு வயதுப் பையன் டேவிட் தாம்சன் பீகானிகளோடு தங்கினான். அவனுக்கு இடம் கொடுத்த கிழவர் சௌகமாப்பி. பிறப்பால் க்ரீ என்ற வேறு இனம், பீகானிகளோடே வாழ்ந்துவிட்டவர். அவர் தன் இளமைக் காலத்தைச் சொல்கிறார்: தெற்கே ஷோஷோனி என்ற எதிரி இனத்திடம் ஏதோ பெரிய மிருகம் இருக்கிறது, மின்னல்போல வந்து அடித்துவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டார்கள். ஒருநாள் அம்பு பட்டுச் செத்துக் கிடந்த ஒன்றைப் பார்க்கப் போனார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். கொம்பு உதிர்ந்த கலைமான் மாதிரி இருக்கிறது, ஆனால் நாய் மாதிரி மனிதனுக்கு உழைக்கிறது. என்ன பெயர் வைப்பது? 1730-ஐ ஒட்டி நடந்தது இது. பிளாக்ஃபுட் மொழியில் இன்றைக்கும் குதிரை பொனோக்காவோமிட்டா. பொனோக்கா என்றால் எல்க் என்கிற பெரிய கலைமான், இமிட்டா என்றால் நாய். மான்நாய்.

அதே கிழவர் இன்னொன்றும் சொல்கிறார். 1781-இல் விடியற்காலையில் எதிரிக் கூடாரங்கள் மேல் பாய்ந்து தோலைக் கிழித்தார்கள். உள்ளே சண்டைக்கு ஆளில்லை. எல்லோரும் செத்தும் செத்துக்கொண்டும் அழுகிக் கிடந்தார்கள். நல்ல சாமான்களை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இரண்டு நாளில் பெரியம்மை அவர்கள் முகாமுக்குள் வந்துவிட்டது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு இப்படி ஒன்று தொற்றும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இதே அம்மை 1837-இல் மிசௌரி ஆற்றில் வந்த நீராவிப் படகோடு மறுபடி வந்தது. 1869-இல் இன்னொரு முறை.

குதிரை வந்ததும் வாழ்க்கை பெரிதாகிவிட்டது, அதை மறுக்க முடியாது. கூடாரம் பெரிதாயிற்று, வேட்டை சுலபமாயிற்று. கூடவே குதிரை நிறைய உள்ளவன், இல்லாதவன் என்ற பிரிவும் வந்தது. குதிரை கவர்ந்து வருவது இளைஞனுக்குப் பேர் வாங்கித் தரும் வேலையாயிற்று. க்ரீ, அசினிபோயின், க்ரோ, ஷோஷோனி என்று நாலு திசையிலும் பகை. நம் காமிக்ஸ் பிடித்துக்கொண்டது இந்தப் பகுதியை மட்டும்தான்.

பகை என்றால் முழுசாகப் பகையும் இல்லை. சிக்சிகா தலைவர் குரோஃபுட்டின் மகன் சண்டையில் செத்துப்போனான். 1873-இல் எதிரிக் கூட்டமான க்ரீயில், அச்சு அசலாகத் தன் மகனைப்போல ஒருவனைப் பார்த்து, அவனையே மகனாக ஏற்றுக்கொண்டார். அவர்தான் பிற்பாடு பேர் பெற்ற க்ரீ தலைவர் பவுண்ட்மேக்கர். 1886-இல் பவுண்ட்மேக்கர் சிறையிலிருந்து வெளிவந்து, வளர்ப்பு அப்பாவைப் பார்க்கப் போன இடத்தில், அவர் முகாமிலேயே இறந்தார்.

அடுத்த பகுதியைக் காரில் சொன்னேன். சீக்கிரமாகவே சொன்னேன். 1870 ஜனவரி 23, மொன்டானாவில் கரடி ஆறு என்று பீகானிகள் சொல்லும் மரையாஸ் ஆறு. உறைபனி. முகாமில் அம்மை. மேஜர் பேக்கரின் படை தேடி வந்தது வேறு ஒரு கூட்டத்தை. இது ஹெவி ரன்னரின் கூட்டம், தப்பான முகாம் என்று வழிகாட்டி கத்தினான். ஹெவி ரன்னர், தான் நல்லவன் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் காகிதத்தோடேயே சுட்டார்கள். ராணுவக் கணக்கில் செத்தது 173 பேர், அதில் 120 பேர் சண்டை போடுகிற வயது ஆண்கள் என்றார் பேக்கர். பிளாக்ஃபுட் விவகாரங்களைக் கவனித்த அரசாங்க ஏஜென்ட் விசாரித்துச் சொன்ன கணக்கில் அப்படிப்பட்டவர்கள் 15 பேர்தான். மற்றதெல்லாம் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள்.

"காகிதத்தக் காட்டியுமா?" என்றார் அப்பா.

ஏழு வருஷம் கழித்துக் கனடாவில் இன்னொரு காகிதம். 1877 செப்டம்பர் 22, பிளாக்ஃபுட் கிராஸிங்கில் ஏழாம் ஒப்பந்தம். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் நிலம், தலைக்கு வருஷம் 5 டாலர். மற்றதெல்லாம் அரசாங்கத்துக்கு என்கிறது ஆங்கிலப் பிரதி. நாங்கள் சம்மதித்தது சமாதானத்துக்கு, நிலத்தை விற்க அல்ல என்கிறார்கள் பிளாக்ஃபுட் பெரியவர்கள். நிலத்தை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சே அன்று மொழிபெயர்ப்பில் வரவில்லையாம். அந்த 5 டாலர் இன்றைக்கும் வருஷா வருஷம் தருகிறார்கள், அதே 5 டாலர். கால்கரியில் அதற்கு ஒரு காபி வாங்கலாம்.

அதற்குள் காட்டெருமை போய்விட்டது. 1871 வாக்கில் அதன் தோலை ஆலைப் பதப்படுத்தலுக்கு ஏற்றதாக்கும் முறை வந்தது. மெஷின்களுக்கு பெல்ட் போடத் தோல் வேண்டும், கொண்டுபோக ரயில் வந்தது, தூரத்திலிருந்து சுடத் துப்பாக்கி வந்தது. கோடிக்கணக்கில் இருந்தது, சில நூறாயிற்று. ஆல்பர்ட்டாவில் 1879-இல், மொன்டானாவில் 1883-இல் மந்தைகள் முடிந்தன. 1883-84 குளிர்காலத்தில் மொன்டானா பீகானிகளுக்கு ரேஷனும் வரவில்லை. சுமார் 600 பேர் பசியில் செத்தார்கள். ஒரு பெரியவர் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குச்சியில் ஒரு வெட்டு போட்டு வைத்தார். 555 வெட்டு. அந்த வருஷக் கணக்குகளில் நான் நம்புவது அந்தக் குச்சியைத்தான்.

பிறகு சடங்குகளுக்குத் தடை, பிள்ளைகளை விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனது. சடங்கு மூட்டைகள் ஒவ்வொன்றாக மியூசியங்களுக்குப் போயின. மூட்டை என்றால் துணி மூட்டை இல்லை. புகைக்குழாய், தோல்கள், இறகுகள், அவற்றுக்கு உரிய பாட்டுகள், எல்லாம் சேர்ந்து உயிருள்ள ஒன்று. வசந்தத்தில் முதல் இடி கேட்டதும் இடிக்குழாய் மூட்டையைத் திறக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இடி கேட்காது. என் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளென்போ மியூசியம் 2000-த்தில் இப்படி 251 பொருட்களைத் திருப்பிக் கொடுத்தது. அதற்காக ஆல்பர்ட்டா ஒரு சட்டமே போட்டது.

மாடுகளும் திரும்பின. இந்தக் கதையைத்தான் அப்பா இரண்டு தடவை சொல்ல வைத்தார். 1870-களில் மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்டோரே ஆட்கள், பிளாக்ஃபுட்டுக்குப் பரம்பரை வைரிகள், இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்து தாயிழந்த சில கன்றுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஐந்தாறுதான் இருக்கும். யார் கொண்டுபோனார் என்பதில் இரண்டு கதை உண்டு. அந்த மந்தை 1884-இல் மிஷெல் பாப்லோ, சார்லஸ் அலார்ட் என்ற இரண்டு பேரிடம் போய்ப் பெருகியது. பாப்லோ விற்க நினைத்தபோது அமெரிக்கா வாங்கவில்லை. 1907-இல் கனடா வாங்கிக்கொண்டது. ரயிலில் ஏற்றுவதற்குள் பெட்டியையே உடைத்ததாம் சில கடாக்கள். ஒரு பகுதி எட்மன்டன் பக்கம் எல்க் ஐலண்ட் பூங்காவில் தங்கிவிட்டது. 2014-இல் எல்லைக்கு இரண்டு பக்கத்து இனங்களும், பழைய வைரிகளும் சேர்ந்து, காட்டெருமைக்காக ஓர் ஒப்பந்தம் கையெழுத்திட்டார்கள். அரசாங்கம் இல்லாமல், தங்களுக்குள். 2016 ஏப்ரலில் எல்க் ஐலண்டிலிருந்து 87 கன்றுகள் டிரக்கில் ஏறி மொன்டானா பீகானிகளின் நிலத்துக்கு வந்து இறங்கின.

"87-உம் கன்னா? தாய் இல்லாமயா?"

"கன்னுதான்பா. ஒரு வயசு இருக்கும்."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாந்தன் தாண்டியிருந்தோம். வலது பக்கம் வேலிக்குள் கறுப்பு ஆங்கஸ் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

"அப்ப புல்லு எங்க, தண்ணி எங்கன்னு அதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

முதலில் சில வருஷம் வேலிக்குள் வைத்துத்தான் வளர்த்தார்கள் என்றேன். 2023-இல்தான் சீஃப் மவுண்டன் அடிவாரத்தில் ஒரு பகுதியை வேலியில்லாமல் திறந்து விட்டார்கள். கதவைத் திறந்ததும் என்ன செய்தன என்று கேட்டார். மேற்கே பார்த்து ஓடின, மரத்துக்குள் போய்விட்டன என்று படித்ததைச் சொன்னேன்.

"முன்னால எது போச்சு?" என்றார் அப்பா.